ஒற்றைக் கண்ணால் இத்தாலி

கிளம்பும் முன்

ரோம், ஃப்ளோரன்ஸ், மாந்துவா, விச்சென்சா, மிலான். எல்லா ஊருக்கும் ரயில் உண்டு. மாந்துவாவுக்குப் போகும்போதும் அங்கிருந்து கிளம்பும்போதும் மட்டும் வண்டி மாற வேண்டும். கண்ணை ஏமாற்றுவதற்கென்றே செய்த சுவர்கள், கூரைகள், மேடைகள் மட்டும்தான் இந்தப் பயணத்தில். சாய்ந்த கோபுரம் தேடுபவர்கள் வேறு தொடர் படிக்கலாம். அருங்காட்சியகங்கள் பலவற்றுக்குத் திங்கள் விடுமுறை. தேவாலயங்களை அந்த நாளுக்கு ஒதுக்கிக்கொள்ளுங்கள். பையில் ஒரு சிறிய பைனாகுலர், அளவு நாடா, சில்லறை நாணயம், இரண்டு வெள்ளைத் தாள்.

தாள் எதற்கு? தட்டையான சுவரைத் தட்டை என்று மூளை முடிவு செய்வது மூன்று சாட்சிகளை வைத்து. முதல் சாட்சி இரண்டு கண்கள். அவற்றுக்கிடையே ஏறத்தாழ 6.5 செ.மீ. தூரம் இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் சற்றே வேறான காட்சி கிடைக்கிறது. அந்த வேறுபாட்டிலிருந்து ஆழம் தெரிகிறது. பொருள் தள்ளிப் போகப் போக வேறுபாடு சுருங்கும். கைக்கெட்டும் சுவரில் பொய் சொல்வது கடினம், உயர்ந்த விதானத்தில் சுலபம் என்பது இதனால்தான். இரண்டாவது சாட்சி தலையசைவு: நிஜ உலகில் பக்கத்துப் பொருள் அதிகம் நகரும், தூரத்துப் பொருள் குறைவாக நகரும், ஓவியத்தில் எல்லாம் ஒன்றாக நகரும். மூன்றாவது, விளிம்பு: சட்டம், சுவர் முடியும் கோடு, வண்ணத்தின்மேல் மினுங்கும் வெளிச்சம்.

ஒரு கண்ணை மூடினால் முதல் சாட்சி போய்விடும். அசையாமல் நின்றால் இரண்டாவது. தாளைக் குழலாகச் சுருட்டி, திறந்த கண்ணில் வைத்தால் மூன்றாவது. ஒவ்வோர் இடத்திலும் முதலில் இரு கண்ணாலும், பிறகு இப்படியும் பாருங்கள். எந்தச் சாட்சியை ஓவியர் தாமே கவனித்துக்கொண்டார், எதைப் பார்ப்பவரின் ஒத்துழைப்புக்கு விட்டார் என்பது பிடிபடும்.

முதல் நாள்: ரோம், நிலத்தடித் தோட்டம்

தெர்மினி ரயில் நிலையத்துக்கு எதிரே பலாட்சோ மாசிமோ அருங்காட்சியகம். மேல்தளத்தில் ஓர் அறை. நான்கு சுவரிலும் தோட்டம். அகஸ்டஸ் மன்னனின் மனைவி லிவியாவுக்கு ரோமுக்கு வெளியே பிரிமா போர்த்தாவில் இருந்த மாளிகையிலிருந்து வந்தது. கி.மு. 30–20 அளவில் தீட்டியது, 1863இல் கிடைத்தது, ஈரம் அரிக்கத் தொடங்கியதால் 1951–52இல் சுவரிலிருந்து பெயர்த்தெடுத்தார்கள். அறை 11.70 மீட்டர் நீளம், 5.90 மீட்டர் அகலம். மூலத்தில் பாதி மண்ணுக்குள் புதைந்திருந்த அறை. கோடை வெயிலில் குளிர்ச்சியாகச் சாப்பிட உட்காரும் இடமாக இருந்திருக்கலாம் என்பது பொதுவான கருத்து.

இங்கே எங்கே நின்றாலும் தோட்டம் தோட்டமாகவே இருக்கும். காரணம் எளிது: தூணும் கட்டடமும் இல்லை. ஆழத்துக்கு ஓடும் நேர்கோடு இருந்தால்தான் அது ஒரு புள்ளியில் போய்ச் சேர வேண்டும். பார்ப்பவரும் அதற்கேற்ற இடத்தில் நிற்க வேண்டும். இதில் ஆழத்தைக் காட்டுவது அடுக்குகள்: முன்னால் பிரம்பு வேலி, பிறகு நடைபாதை, பிறகு கல் கைப்பிடிச் சுவர், அப்பால் மரங்கள். கிட்டத்து இலைக்குக் கூரான விளிம்பு. பின்னே போகப் போக நீலம் கலந்து கலங்கல். சுவரின் உச்சியில் பாறை விளிம்பு போல ஒரு கரடுமுரடான பட்டை ஓடுகிறது. நீங்கள் குகைக்குள் இருந்து வெளியே பார்க்கிறீர்கள் என்று சொல்லும் பட்டை அது. உண்மையிலேயே மண்ணுக்கடியில் உட்கார்ந்திருப்பவரிடம் அந்த உண்மையை மறைக்காமல், அதையே கதையின் முதல் வரியாக்கிவிட்டார்கள்.

பொய் வேறு இடத்தில் இருக்கிறது. மாதுளையும் சீமைமாதுளையும் காய்த்திருக்க, ரோஜாவும் கசகசாவும் பூத்திருக்கின்றன. வெவ்வேறு பருவத்தில் வர வேண்டியவை ஒரே நாளில் வந்து நிற்கும் தோட்டம் பூமியில் கிடையாது. கைப்பிடிச் சுவரின் மேல் ஒரு பறவைக் கூண்டையும் தேடிப் பாருங்கள். சுற்றிலும் பறக்கும் பறவைகளும் வண்ணம்தான். ஆனாலும் ஒன்றை மட்டும் அடைத்து வைத்திருக்கிறார்கள்.

இரண்டாம் நாள்: ரோம், நடந்தே மூன்று இடம்

காலையில் வில்லா ஃபர்னெசினா; பிற்பகலில் பெரும்பாலும் மூடியிருக்கும். வங்கியாளர் அகோஸ்தினோ கீஜிக்காக பால்டசாரே பெருஸ்ஸி 1510களின் இறுதியில் தீட்டிய மாடிக்கூடத்தில், சலவைக்கல் தூண்களுக்கிடையே ரோம் நகரத்துக் கூரைகள் தெரிகின்றன. தூண், தூணுக்கு அப்பாலுள்ள ஊர், எல்லாம் வண்ணம். கதவுச் சட்டங்களில் எது கல், எது தீட்டியது என்று தொடாமல் சொல்வது சிரமம். அந்த ஓவிய ஊரின் மேல் கீறல் எழுத்துகள் இருக்கின்றன. 1527இல் ஐந்தாம் சார்லஸின் படை ரோமைச் சூறையாடியபோது இங்கே தங்கிய ஜெர்மானியக் கூலிப்படையினர் கீறியவை. 1528 என்ற ஆண்டும், போப்பை ஓட வைத்துவிட்டோம், சிரிக்காமல் என்ன செய்வது என்ற பொருளில் ஜெர்மன் வரியும் படிக்கலாம். கத்தி முனை பட்ட இடத்தில் வானம் வெறும் சுண்ணாம்புப் பூச்சாகிவிடுகிறது. துடைத்துவிடாமல் விட்டது நல்ல முடிவு.

சிஸ்தோ பாலத்தைக் கடந்தால் பலாட்சோ ஸ்பாதா மாளிகை. கர்தினால் ஸ்பாதாவுக்காக 1652–53இல் கட்டடக் கலைஞர் பொரோமினி கட்டிய தூண் தாழ்வாரம், கணிதம் அறிந்த துறவி ஜொவான்னி மரியா தா பித்தோந்தோவின் உதவியோடு எழுந்தது. நீளம் 9 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு; தோற்றம் 35 மீட்டருக்கு மேல். தரை ஏறுகிறது, கூரை இறங்குகிறது, தூண்கள் குட்டையாகி நெருங்குகின்றன. கோடியில் ஆளுயரம் என்று தோன்றும் சிலை சுமார் 60 செ.மீ. இது ஓவியம் அல்ல, நிஜக் கட்டடம். ஆகவே இரண்டு கண், தலையசைவு என்ற சாட்சிகள் பாதிதான் எதிராகப் பேசும். இதைக் கெடுப்பது ஒன்றே ஒன்று: உள்ளே நடக்கும் மனிதர். நான்கு அடி எடுத்து வைத்ததும் அவர் ராட்சதர் ஆகிவிடுவார். பார்வையாளரை உள்ளே விடாததற்கு அது பழுதாகும் என்பது மட்டும் காரணமல்ல.

பாந்தியோன் பக்கத்திலுள்ள சந்த் இன்யாசியோ தேவாலயத்துக்கு அவசரமில்லாமல் ஒரு மணி நேரம் கொடுங்கள். நுழைந்ததும் சாய்த்து வைத்த ஒரு கண்ணாடியும், அதில் படமெடுக்க நீண்ட வரிசையும் இருக்கும். அந்த வரிசையில் நிற்க வேண்டாம். கண்ணாடி, விதானத்தை ஒரு சட்டத்துக்குள் அடைத்து, நாம் விரட்டிய மூன்றாவது சாட்சியைக் கூப்பிட்டு வந்து உட்கார வைக்கிறது. நடுக்கூடத்தின் தரையில் பதித்த வட்டக் கல்லைத் தேடி, அதன் மேல் நில்லுங்கள். மேலே இருப்பது இயேசு சபைச் சகோதரர் அந்திரேயா பொஸ்ஸோ 1690களின் தொடக்கத்தில் முடித்த ஓவியம். சுவரின் நிஜத் தூண்கள் அப்படியே இன்னொரு மாடிக்கு ஏறி, அங்கே கூரை இல்லாமல் வானம் திறக்கிறது. எது கல், எது வண்ணம் என்ற எல்லையைப் பைனாகுலரில் தேடிப் பாருங்கள்; சன்னல்களின் மேல்விளிம்பை ஒட்டியே தேட வேண்டும்.

இதை எப்படிச் செய்தார் என்பதை 1693இல் வெளியிட்ட நூலில் பொஸ்ஸோவே விளக்கியிருக்கிறார். விதானம் தட்டை இல்லை, அரைப் பீப்பாய் வளைவு. தாளில் வரைந்ததைக் கட்டம் போட்டு நேராக மேலே ஏற்றினால் தூண்கள் எல்லாம் வளைந்துவிடும். ஆகவே முதலில், சிறிய வரைபடத்தைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்தல். அடுத்து, வளைவு தொடங்கும் மட்டத்தில், சுவருக்குச் சுவர் நூல் கட்டி அதே எண்ணிக்கைக் கட்டங்களுடன் கிடையாக ஒரு வலை. பிறகு, கீழே பார்ப்பவரின் கண் இருக்க வேண்டிய புள்ளியில் இரவில் ஒரு விளக்கு. வலையின் நிழல் வளைவின் மேல் விழும். நேர்க்கட்டங்கள் அங்கே கோணலாகும். அந்தக் கோணல் நிழலை அப்படியே கோடிழுத்து, கட்டத்துக்குக் கட்டம் படத்தை மாற்றினால், கீழே அந்தப் புள்ளியிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு மட்டும் எல்லாம் நேராகும். உயரம் கூடினால் விளக்கொளி போதாது. கண் புள்ளியிலிருந்து நூலை இழுத்து, வலையின் முடிச்சைத் தொடவிட்டு, வளைவு வரை நீட்டிக் குறிக்க வேண்டும். நீண்ட நூல் தன் எடையிலேயே தொய்யும். நடுவே சாரப்பலகை குறுக்கிடும். அதற்குமேல் ஈரப் பூச்சில் தீட்டுவதால், அன்று பூசிய பரப்பை அன்றே முடித்தாக வேண்டும். மேலே இருப்பவருக்குத் தெரிவது கோணல் மட்டும்தான். ஒரு தூண் நிமிர்ந்ததா என்று பார்க்க இறங்கித்தான் வர வேண்டும்.

வட்டக் கல்லை விட்டு வாசல் பக்கமோ பீடத்தின் பக்கமோ பத்தடி நடங்கள். தூண்கள் மேலே சரியத் தொடங்கும். இதைக் குறை என்று அக்காலத்திலேயே சொன்னார்கள்; ஓரிடத்திலிருந்து மட்டும் சரியாக இருப்பதே கலையின் வெற்றி என்றார் பொஸ்ஸோ. இன்னொரு வட்டக் கல்லிலிருந்து தெரியும் குவிமாடம் அவரே 1685இல் தீட்டியது. குவிமாடம் கிடையாது, சுமார் 17 மீட்டர் விட்டமுள்ள தட்டைத் துணி. அதில் தூண்களைத் தாங்குபலகைகளின் மேல் நிறுத்தியது கட்டடக்கலைக்கு விரோதம் என்று சிலர் குறைப்பட்டார்களாம். தூண் பாரத்தில் அவை உடைந்து விழுந்தால் தன் செலவில் சரிசெய்து தருவதாக நண்பரான ஓர் ஓவியர் பதில் சொன்னதாக பொஸ்ஸோ எழுதுகிறார். துணியின் நேர் கீழே வந்து நிமிர்ந்து பாருங்கள், பிறகு பீடத்தருகே போய்த் திரும்பிப் பாருங்கள். அங்கிருந்து அது குவிமாடம் என்று குழந்தைகூட நம்பாது.

படமெடுக்க ஆசையிருந்தால், கைபேசியைத் திரை மேலிருக்கும்படி வட்டக் கல்லின் மேல் வைத்து முன்பக்கக் கேமராவில் எடுங்கள். கேமராவுக்கு ஒற்றைக் கண், அசைவும் இல்லை. படத்தில் நேரில் பார்ப்பதைவிட ஏமாற்று கூடுதலாகப் பலிப்பது இதனால்தான். கண் உயரத்துக்கும் தரைக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவு உயரத்தில் கணக்கில்லை.

மூன்றாம் நாள்: ஃப்ளோரன்ஸ், ஒரு துளையும் ஒரு கண்ணாடியும்

பொஸ்ஸோவின் வட்டக் கல்லுக்குப் பாட்டன் இந்த ஊரில் இருக்கிறது. பேராலயத்தின் நடு வாசலுக்குள் மூன்று முழம் தள்ளி நின்று, எதிரேயுள்ள திருமுழுக்கு ஆலயத்தை கட்டடக் கலைஞர் புரூனெல்லெஸ்கி ஒரு பலகையில் தீட்டினார் என்கிறார் அவர் வரலாற்றை எழுதிய மனெட்டி. ஃப்ளோரன்ஸ் முழம் சுமார் 58 செ.மீ.; வாசலிலிருந்து 1.75 மீட்டர் அளந்து கொள்ளுங்கள். பலகை அரை முழச் சதுரம். வானத்தைத் தீட்டவில்லை, அங்கே மெருகேற்றிய வெள்ளி ஒட்டினார், நிஜ மேகம் அதில் பிரதிபலித்து நகரும்படி. பலகையில் ஒரு துளை: தீட்டிய பக்கம் பயறளவு, பின்பக்கம் நாணயமளவு. பின்பக்கம் கண் வைத்து, மறுகையில் கண்ணாடியை எதிரே பிடித்து, அதில் ஓவியத்தைப் பார்க்க வேண்டும். ஒற்றைக் கண், நகர முடியாத தலை, துளையின் இருட்டுக்குள் மறைந்த விளிம்பு. மூன்று சாட்சிகளையும் ஒரே பலகையில் அடைத்துவிட்டார். பலகை பிழைக்கவில்லை, செய்முறை பிழைத்திருக்கிறது.

அதை நீங்களே செய்யலாம். கைபேசியைக் குறுக்காகப் பிடித்து, இரண்டு மடங்கு ஜூமில், மட்டம் பிசகாமல் எதிர்க் கட்டடத்தை எடுங்கள். கைபேசி மேலே சாய்ந்தால் சுவர்க் கோடுகள் சரியும், பிறகு எதுவும் சரிவராது. படத்தை வெட்டாமல் 29 செ.மீ. அகலத்துக்கு, இடவலம் மாற்றி அச்சிட்டு அட்டையில் ஒட்டுங்கள். கண்ணாடி மறுபடி மாற்றித் தரும். படத்தின் நட்டநடுவில் 5 மி.மீ. துளை, பின்பக்கம் கூம்பாக அகலப்படுத்தியது. அந்த ஜூமுக்குப் படத்தைப் பார்க்க வேண்டிய சரியான தூரம் அகலத்தைப்போல் ஒன்றரை மடங்கு, அதாவது சுமார் 43 செ.மீ. ஒளி போய்த் திரும்புவதால் கண்ணாடி அதில் பாதி தூரத்தில், 21–22 செ.மீ.இல் இருந்தால் போதும். கண்ணாடியும் படத்தில் பாதி அகலம் போதும். பலர் கண்ணாடியைக் கை முழுக்க நீட்டிப் பிடிப்பார்கள். கட்டடம் சிறுத்து, ஆழம் பொய்யாக நீளும். வானத்தை வெட்டியெடுத்து அங்கே மினுங்கும் உலோகத் தாள் ஒட்டிப் பாருங்கள். மேகம் நகர்ந்ததும் கட்டடத்தின் மேலும் நம்பிக்கை கூடும்.

பிற்பகல் சாந்தா மரியா நொவெல்லா தேவாலயம். மசாச்சோ 1427ஐ ஒட்டித் தீட்டிய திரித்துவம்: சிலுவையில் இயேசு, பின்னால் பிதாவாகிய கடவுள். கோடுகள் சேரும் புள்ளி சிலுவையின் அடியில், தரையிலிருந்து சுமார் 1.7 மீட்டரில், நிற்பவரின் கண் உயரத்தில். விளக்கொளி பக்கவாட்டில் விழும்போது பைனாகுலரில் பாருங்கள்: ஈரப் பூச்சில் கோடிழுத்த பள்ளங்கள் இன்னும் தெரியும். ஆனால் பிதாவை மட்டும் கீழிருந்து பார்ப்பதுபோல் வரையவில்லை. நேருக்கு நேர் வரைந்திருக்கிறார். அவர் நிற்கும் திட்டு பின்சுவரில், கை பிடித்திருப்பதோ முன்னாலுள்ள சிலுவையை. தெரியாமல் செய்த பிழையாக இதை எடுத்துக்கொள்ள முடியாது. சுற்றிலும் இவ்வளவு கறாராக அளந்தவர் கடவுளுக்கு மட்டும் அளவுகோலைக் கீழே வைத்திருக்கிறார். அடியில் எலும்புக்கூடு, அதன் மேல் இன்றைய நீ நேற்றைய நான் என்ற பொருளில் எழுத்து. 16ஆம் நூற்றாண்டில் இதன் முன் ஒரு பீடம் எழும்பி எல்லாம் மறைந்தது. மேல்பாதியும் எலும்புக்கூடும் மறுபடி ஒன்று சேர்ந்தது 1952இல்.

நான்காம் நாள்: மாந்துவா

ஊரை ஆண்ட கோன்சாகா குடும்பத்தின் அரண்மனையில், கோட்டைப் பகுதியில் மாந்தேன்யா 1465 முதல் 1474 வரை தீட்டிய அறை. ஒரு நேரத்தில் சிலரைத்தான், சில நிமிடங்களுக்குத்தான் விடுவார்கள், முன்பதிவு அவசியம். 2012 நிலநடுக்கத்துக்குப் பின் மூடி, 2015இல்தான் திறந்தார்கள். கிடைக்கும் நேரத்தில் விதானத்தை மட்டும் அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்புவது பலர் செய்யும் தவறு. முதலில் கணப்பைப் பாருங்கள். அது நிஜம். அதன் மேல்திட்டில் ஓவியக் குடும்பம் கம்பளம் விரித்து உட்கார்ந்திருக்கிறது. ஓவியத்தின் ஒளியும் நிஜ சன்னல் இருக்கும் திசையிலிருந்தே வருகிறது. அதனால் நிழல்களில் முரண் இல்லை. சன்னலின் பக்கச் சுவரில் சலவைக்கல்லில் யாரோ கிறுக்கியதுபோல் 1465 ஜூன் 16 என்று இருக்கும். அந்தச் சலவைக்கல்லும் தீட்டியது, கிறுக்கலும் தீட்டியது.

பிறகு விதானம். நடுவில் ஒரு வட்டத் துவாரம், நீல வானம், விளிம்பில் சாய்ந்து சிரிக்கும் பெண்கள், மயில், குண்டுக் குழந்தைகள். ஒரு செடித் தொட்டி துவாரத்தின் குறுக்கே ஒரு கம்பின் மேல் நிற்கிறது. கம்பின் அருகே ஒரு கை. அறையின் நட்டநடுவில் நிற்பதற்கு உடம்பு தயங்கும். அந்தத் தயக்கம்தான் ஓவியரின் கணக்கு.

ஊரின் தெற்கு ஓரத்தில் பலாட்சோ தே மாளிகை, நடந்தே போகலாம். முற்றத்தில் நின்று தூண்களுக்கு மேலுள்ள பட்டியைப் பாருங்கள். இடையிடையே ஒரு கல் கீழே நழுவி, விழப்போவதுபோல் நிற்கிறது. பழுதல்ல, ஜூலியோ ரொமானோ 1520களில் அப்படியே கட்டினார். அது கல்லும் அல்ல. செங்கல்லின் மேல் சுண்ணப்பூச்சைக் கல்போல் கொத்தியது. இல்லாத கல் இல்லாத விபத்தில் நழுவுகிறது. மரத்தால் செய்த யானையில் மரத்தைப் பார்ப்பதா யானையைப் பார்ப்பதா என்று கேட்டுப் பழகிய நமக்கு இங்கே மூன்றாவதாக ஒன்று கூடுதல்.

உள்ளே ராட்சதர் அறை. 1530களின் முற்பகுதி வேலை. சுவரும் கூரையும் சேரும் இடத்தில் மூலை இல்லை. எல்லாவற்றையும் பூசி வளைத்துவிட்டார்கள். மூலைதான் ஓர் அறையின் அளவைக் கண்ணுக்குச் சொல்வது. அது போனதும் ஜூப்பிட்டர் கடவுளின் இடியில் சரியும் மலையும் கட்டடமும் எங்கிருந்து தொடங்குகின்றன என்று தெரியாமல் போகிறது. நின்று பார்க்க இங்கே தனி இடம் கிடையாது. இன்று பாதி பலம் குறைந்திருக்கிறது: மூலத்தில் ஆற்றுக் கூழாங்கல் பதித்த தரை சுவரிலுள்ள பாறைகளோடு கலந்தது, சன்னல்களுக்கிடையே கணப்பு எரிந்து ஓவிய நெருப்போடு சேர்ந்தது. இரண்டும் போய்விட்டன. இப்போதைய தரை ஒரு சட்டம்போல் சுவரைப் பிரித்துக் காட்டுகிறது. எதிரெதிர் மூலைகளில் இருவர் சுவரைப் பார்த்து நின்று ஒருவர் கிசுகிசுத்தால் மற்றவருக்குத் தெளிவாகக் கேட்கும், கூட்டம் இல்லாவிட்டால். சுவரின் அடிப்பகுதியில் சில நூற்றாண்டுப் பார்வையாளர்கள் கீறிய பெயர்கள். காலையில் பார்த்த கிறுக்கலைப் போலன்றி, இவை நிஜம்.

ஐந்தாம் நாள்: விச்சென்சா

வெரோனாவில் வண்டி மாறி விச்சென்சா. ஒலிம்பிகோ நாடக அரங்கை கட்டடக் கலைஞர் பல்லாதியோ 1580இல் தொடங்கி அதே ஆண்டில் இறந்தார். மேடைக்குப் பின்னாலுள்ள ஏழு தெருக்கள் ஸ்கமோட்ஸியின் வேலை, மரமும் சுண்ணக்கலவையும். 1585 மார்ச் 3இல் ஈடிபஸ் நாடகத்தோடு அரங்கம் திறந்தது. தெருக்கள் அந்த நாடகம் நடக்கும் தீப்ஸ் நகரத்துக்காகப் போட்டவை, பிறகு யாரும் பிரிக்கவில்லை.

வித்தை ஸ்பாதா தாழ்வாரத்தின் வித்தையேதான்: தரை ஏறும், கூரை விளிம்பு இறங்கும், வீடுகள் குறுகும். புதிதாக இருப்பது பார்வையாளர் கணக்கு. அரை நீள்வட்டப் படிகளில் நூற்றுக்கணக்கானவர் உட்காரும்போது ஒருவருக்கு மட்டும் சரியான தெரு போட்டு என்ன பயன்? எந்தப் படியில் உட்கார்ந்தாலும் ஏதாவது ஒரு தெருவாவது ஆழமாகத் தெரியும்படி ஏழாகப் பிரித்துத் திருப்பிவிட்டார். படியின் இடக்கோடியில் உட்கார்ந்து, பிறகு நடுவுக்கும் வலக்கோடிக்கும் நகர்ந்து பாருங்கள். ஒரு தெரு மூடும்போது இன்னொன்று திறக்கும். நடிகர்தான் பாவம். தெருவுக்குள் சில அடி போனாலே தலை மாடி சன்னலைத் தொடும். வாயிலை ஒட்டியே நடிக்க வேண்டும். வீடுகளுக்குள் ஒளித்து வைத்த எண்ணெய் விளக்குகள் தெருவுக்கு வெளிச்சம் தந்தன. உலர்ந்த மரத்துக்கு நடுவே நெருப்பு வைத்தும் நாலு நூற்றாண்டு தாண்டியிருக்கிறது.

ஆறாம் நாள்: மிலான்

பேராலயச் சதுக்கத்துக்குச் சற்றுத் தள்ளி, சந்தடியான கடைவீதியில் சாந்தா மரியா பிரெஸ்ஸோ சான் சாத்திரோ. இங்கே வழிபடும் அன்னை மரியாளின் படத்தை 1242இல் ஒருவன் கத்தியால் குத்த, அதிலிருந்து ரத்தம் வந்தது என்பது ஐதீகம். கூட்டம் பெருகவே 1480களில் பெரிய ஆலயம் வேண்டியிருந்தது. பின்பக்கம் தெரு, பீடத்துக்குப் பின்னால் பாடகர் பகுதிக்கு இடமே இல்லை. கட்டடக் கலைஞர் பிரமாந்தே அங்கே 97 செ.மீ. ஆழத்தில் சுடுமண்ணும் சுண்ணக்கலவையும் வண்ணமும் கொண்டு பீப்பாய்க் கூரை, அதில் சதுரக் குழிவுகள், தூண்கள் எல்லாம் அமைத்தார். நடுக்கூடத்திலிருந்து பார்த்தால் அது சுமார் 9.7 மீட்டர்.

வாசலுக்குள் நுழைந்ததும் நடுக்கோட்டிலேயே நில்லுங்கள், பக்கவாட்டில் போக வேண்டாம். இரு கண்ணாலும் பார்த்தாலே போதும். தூரம் முதல் சாட்சியைப் பார்த்துக்கொள்கிறது. மையக் கோட்டில் மெதுவாக முன்னேறினால் பாதிக் கூடம் தாண்டும்வரை தாக்குப்பிடிக்கும். பிறகு குறுக்குக் கூடத்தின் இடக்கையில் போய்ப் பக்கவாட்டாகப் பாருங்கள்: தூண்கள் மடிந்த விசிறிபோல் நசுங்கிக் கிடக்கும். வெளியே வந்து ஃபால்கோனே தெருவில் சுற்றினால் அந்தப் பின்சுவரை வெளியிலிருந்து பார்க்கலாம்.

ரத்தம் வந்ததாகச் சொல்லும் படம் இன்றும் பிரதான பீடத்தில், அந்த 97 செ.மீ.க்கு நேர் முன்னால் இருக்கிறது. மெழுகுவத்தி ஏற்ற வருபவர்களில் பெரும்பாலோர் அதைப் பார்க்கத்தான் வருகிறார்கள். பின்னாலுள்ளதை நிமிர்ந்தும் பார்ப்பதில்லை. பூசை நேரத்தில் குறுக்கே நடக்காதீர்கள். பாடகர்கள் கூடத்தில்தான் நிற்கிறார்கள்.